மூன்றாம் மாடியில் ஓர் இல்ல அலுவலகம்

என் மனைவி ஹம்சா வேலை பார்த்த இடத்தின் பெயர் படிவச் சீர்திருத்த வாரியம். தி. நகர் பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு கட்டடத்தின் மூன்றாவது மாடி. அரசாங்கத்தில் படிவங்கள் பெருகிவிட்டன, ஜனங்கள் அல்லாடுகிறார்கள், குறைத்தே ஆகவேண்டும் என்று 1979-இல் இதை ஆரம்பித்தார்கள். அப்போது தொண்ணூற்றாறு படிவங்கள் இருந்தன. நான் சொல்லப்போகிற விஷயம் நடந்த 1998-இல் நானூற்றுப் பன்னிரண்டு. நடுவில் என்ன ஆயிற்று என்று தெரிந்துகொள்ள ஆசைப்பட்டால் அதற்கும் ஒரு படிவம் இருக்கிறது, மனுப் போடலாம்.

அத்தனை படிவங்களுக்கும் புரூஃப் பார்த்தவள் ஹம்சா. வாரியத்தின் ஒரே மெய்ப்பாளர். மெய்ப்பாளர் கையெழுத்துப் போடாத படிவம் செல்லாது என்பது வாரியத்தின் முதல் விதி. மற்ற விதிகளையெல்லாம் திருத்திவிட்டார்கள், இதை மட்டும் யாரும் தொடவில்லை. திருத்தினால் அதற்கும் அவள்தானே கையெழுத்துப் போடவேண்டும்.

தொண்ணூற்றேழு ஜூலையில் ஹம்சாவுக்கு முதுகுத்தண்டில் ஆபரேஷன் நடந்தது. உயிர் பிழைத்தாள், நடை போயிற்று. சக்கர நாற்காலியோடு மயிலாப்பூர் வீட்டுக்குக் கூட்டிவந்தேன். அவள் ஆபீஸுக்கு அறுபத்து நான்கு படி ஏறவேண்டும். லிஃப்ட் வாங்குவது 1987 முதல் கொள்முதல் குழுவின் பரிசீலனையில் இருக்கிறது. லிஃப்டுக்கான குழி மட்டும் தயார், அதில் பழைய படிவங்களைக் கொட்டி வைத்திருக்கிறார்கள்.

அவளுடைய எல்லா விதமான லீவும் மார்ச் 31-ஆம் தேதியோடு தீர்ந்துபோகும். அன்றைக்குள் வேலைக்குத் திரும்பாவிட்டால் மருத்துவக் காரணம் காட்டி அனுப்பிவிடுவார்கள். அவளுக்கு வயது ஐம்பத்திரண்டு. ஓய்வு பெற இன்னும் ஆறு வருஷம் இருந்தது.

"ஏன்னா, கால் போனதுகூடப் பரவாயில்லை," என்றாள் ஒரு நாள் ஜன்னலைப் பார்த்தபடி. "வேலையும் போயிடுத்துன்னா நான் இந்த ஆத்துல ஒரு சாமானா ஆயிடுவேன். காலம்பற தூசி தட்டுவேள், சாயங்காலம் ஜன்னலை மூடுவேள். அவ்வளவுதான்."

நான் ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு நட்டு, போல்ட் தொழிற்சாலையில் ஸ்டோர் கிளார்க். மதியம் இரண்டு மணி ஷிப்டு. காலையெல்லாம் சும்மாதான் இருப்பேன். ஜெயராம் என்ற என் பெயரை அந்த வருஷத்தின் முதல் மூன்று மாதத்தில் வாரியத்தில் தெரியாதவர்களே இல்லை என்று ஆயிற்று.

ஜனவரியில் மேலேயிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது: இல்ல அலுவலகத் திட்டம். அலுவலகத்துக்கு வர இயலாத ஊழியர் வீட்டிலிருந்தே வேலை செய்யலாம். அதற்கான இயந்திரத்தை வாரியம் தேர்வு செய்து கொடுக்கும். அதைப் படித்துவிட்டு ஹம்சா அழுதாள். நான் அன்றைக்கே படியேறினேன்.

மூன்றாம் மாடி வாசலில் ஒரு ஸ்டூல். அதில் சொர்ணம். வாரியத்தின் அட்டெண்டர், கூவம் ஓரத்துக் குடிசையிலிருந்து கே.கே. நகர் பக்கம் மாற்றிவைக்கப்பட்ட குடும்பம்.

"இன்னா சார், இப்டி மூச்சு வாங்குது? குந்து. அம்மா எப்டி கீது?"

சொன்னேன்.

"நல்லா வந்துரும் சார். மிசின்தான, குடுத்துருவாங்க," என்றாள். பிறகு உள்ளே ஒரு பார்வை பார்த்துவிட்டு, "குடுக்கறதுக்குள்ள நீ ஒடம்பப் பாத்துக்க," என்றாள்.

கொள்முதல் கண்காணிப்பாளர் சித்தார்த்தன் நல்ல மனிதர். யாரிடமும் குரலை உயர்த்தியதில்லை. அவர் மேஜையில் கோப்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி, உட்கார்ந்தால் அவர் நெற்றி மட்டும்தான் தெரியும். நான் அந்த நெற்றியிடம் பேசினேன்.

"சார், மெஷின் எல்லாம் எதுக்கு? புரூஃபை என்கிட்ட கொடுங்க. நான் எடுத்துட்டுப் போய் அவ பார்த்ததும் திருப்பிக் கொண்டுவந்து தரேன்."

நெற்றி சுருங்கியது. "அரசாங்க ஆவணம் சார். வெளியாள் கையில எப்படிக் கொடுக்கறது? மெஷின் வழியாத்தான் போகணும், மெஷின் வழியாத்தான் வரணும். மெஷின் வெளியாள் இல்லை."

"சரி, எந்த மெஷின்?"

"அதை நீங்கதான் தேர்வு செய்யணும். மூணு கொட்டேஷனோட குழுவுக்கு வைக்கணும். குழு தேர்வு செய்யும்."

"நான் தேர்வு செஞ்சப்புறம் குழு எதைத் தேர்வு செய்யும்?"

"நீங்க தேர்வு செஞ்சதை."

"அப்ப குழு எதுக்கு சார்?"

அவர் எழுந்து நின்றார். அப்போதுதான் முழு முகத்தையும் பார்த்தேன். "இந்தக் கேள்வியை இங்க வேற யார்கிட்டயும் கேட்டுடாதீங்க," என்றார், உண்மையான அக்கறையோடு.

ரிச்சி தெருவுக்குப் போனேன். அந்தத் தெருவில் ஒரு மணி நேரம் நின்றால் கம்ப்யூட்டர் சம்பந்தமான எல்லாச் சாமானும் காலில் இடறும். மூன்று கடைக்குப் போனேன். ஆமாம், உண்மையாகவே மூன்று வேறு வேறு கடைக்கு. அதுதான் நான் செய்த தப்பு. அப்போது எனக்குத் தெரியவில்லை.

மூன்றாவது கடை கலீமுல்லாவுடையது. நாற்பது வயதிருக்கும். பொறுமையாக உட்காரவைத்து டீ வரவழைத்து விளக்கினார்.

"ஸ்கேனர்ல மூணு தினுசு இருக்கு சார். கையில பிடிச்சு இழுக்கறது ஒண்ணு, கை நடுங்கினா எழுத்தும் நடுங்கும். தாளை உள்ள இழுத்துக்கறது ஒண்ணு, ஒத்தைத் தாளுக்குச் சரி. மூடியத் திறந்து கண்ணாடி மேல வைக்கறது ஒண்ணு. அம்மாவுக்கு என்னா வேலை?"

ஹம்சா முதல் நாளே சொல்லியிருந்தாள்: மூடி திறக்கிற மாதிரிதான் வேண்டும். அவள் வீட்டில் வைத்திருந்த பழைய படிவங்கள் எல்லாம் பைண்டு செய்த தடித் தடி வால்யூம்கள். ஒப்பிட்டுப் பார்க்க அதைத்தான் ஸ்கேன் செய்யவேண்டும். தாளை இழுக்கிற மெஷினுக்குள் வால்யூமை எப்படித் திணிப்பது?

"அப்ப இது," என்று ஒரு மெஷினைத் தட்டினார் கலீமுல்லா. "புதுசா வந்திருக்கு. பிரிண்ட் எடுக்கும், ஸ்கேன் எடுக்கும், காப்பி எடுக்கும், ஃபாக்ஸும் போகும். நாலு மெஷின் வாங்கற இடத்துல ஒண்ணு. மேஜைல இடம் மிச்சம். கறுப்பு மை கார்ட்ரிட்ஜ் தனியா மாத்திக்கலாம், அம்மாக்கு அதுதான் அதிகம் செலவாகும். நாற்காலில உட்கார்ந்தபடியே எல்லா பட்டனும் எட்டும்."

அந்தக் கடைசி வாக்கியத்தை அவராக யோசித்துச் சொன்னார். அன்று முழுவதும் எனக்கு யாரோ கை கொடுத்துத் தூக்கிவிட்ட மாதிரி இருந்தது.

மூன்று கடைக் கொட்டேஷனையும் சித்தார்த்தனிடம் கொடுத்தேன். ஒவ்வொன்றாகப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். முகம் வெளிறிவிட்டது.

"சார், இது என்ன சார்? மூணும் மூணு மாதிரி இருக்கு?"

"மூணு கடை சார்."

"மூணு கடைக்கும் போனீங்களா? நேர்லயா?"

"ஆமாம்."

"ஐயோ," என்றார். பிறகு கதவைச் சாத்தினார். "சார், நான் இங்க பத்தொன்பது வருஷமா இருக்கேன். ஒரு தடவைகூட மூணு கொட்டேஷன் மூணு கடைல இருந்து வந்தது கிடையாது. ஒப்பீட்டுப் பட்டியல் போடணும் சார் நான். ஒருத்தன் எடையை கிலோல எழுதியிருக்கான், ஒருத்தன் எழுதவே இல்லை. ஒருத்தன் பட்டன் எத்தனைன்னு சொல்லலை. இவன் எழுதினது நீல மை, அவன் எழுதினது கறுப்பு மை. இதை எப்படி ஒப்பிடறது? எங்க பட்டியல்ல இதெல்லாம் ஒரே கையெழுத்துல, ஒரே வரிசைல வரும். விலை மட்டும்தான் மாறும். இப்படி உண்மையான கொட்டேஷனைக் கொண்டுபோய் வெச்சா குழுவுக்குச் சந்தேகம் வராதா?"

"என்ன சந்தேகம் சார்?"

"இதுல ஏதோ ஏமாத்து வேலை இருக்குன்னு."

வெளியே வந்தேன். சொர்ணம் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

"ஐய, மெய்யாலுமே மூணு கடைக்குப் போனியா? இன்னா சார் நீ, பச்சக் கொயந்தையா கீற. ஒரு கடைல போய் ஆபீசு பேரச் சொல்லு. மூணையும் அவங்களே குடுத்துருவாங்க."

மறுபடி ரிச்சி தெரு. கலீமுல்லாவிடம் தலையைக் குனிந்துகொண்டு விஷயத்தைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "வாரியமா? முதல்லயே சொல்லியிருக்கலாமே சார்," என்று மேஜை இழுப்பறையைத் திறந்தார். உள்ளே மூன்று லெட்டர்பேடு, மூன்று ரப்பர் ஸ்டாம்பு, ஒரே பேனா. முதல் இரண்டையும் வழவழவென்று எழுதினார். மூன்றாவதில் கொஞ்சம் நின்று, மாதிரி எண்ணில் ஓர் இலக்கத்தை வேண்டுமென்றே மாற்றினார்.

"பாய், தப்பா எழுதறீங்களே?"

"தப்பு வேணும் சார். செக் பண்றதுக்குன்னு ஒருத்தர் உட்கார்ந்திருக்கார் இல்லையா? தப்பே இல்லைன்னா அவருக்கு அங்க என்னா வேலை? திருப்பி அனுப்பவும் மாட்டார், கையெழுத்தும் போடமாட்டார், முழிச்சுக்கிட்டு உட்கார்ந்திருப்பார். ஒரு தப்பு கிடைச்சா சந்தோஷமாத் திருத்திட்டுப் போட்டுடுவார்."

அப்படியேதான் நடந்தது. சித்தார்த்தன் அந்த இலக்கத்தைக் கண்டுபிடித்து, சிவப்பு மையால் வட்டமிட்டு, மனநிறைவோடு கையெழுத்துப் போட்டார். ஜனவரி முடிந்திருந்தது.

பிப்ரவரியில் குழு கூடியது. வாரியச் செயலர் பத்ரிநாராயணன் தலைமை. சபாரி சூட்டு, பையில் இரண்டு பேனா. எதைப் பேசினாலும் கூட்டத்தில் பேசுவதுபோலத்தான் பேசுவார். பயனாளியின் கணவன் என்ற முறையில் என்னைக் கடைசி நாற்காலியில் உட்காரவைத்தார்கள். பேசக்கூடாது, விளக்கம் கேட்டால் மட்டும் சொல்லலாம்.

மெஷின் நான்கு வேலை செய்யும் என்பதுதான் பிரச்சினை. பிரிண்ட் எடுப்பதால் அது தங்களுக்கு உரியது என்றது அச்சுப் பிரிவு. காப்பி எடுப்பதால் தங்களுக்கு என்றது ஆவணப் பிரிவு. ஃபாக்ஸ் போகுமானால் அது தபால்தான், பதிவேட்டில் ஏறாமல் ஒரு தாள் வெளியே போகக்கூடாது என்று தபால் பிரிவுக்காரர் எழுந்து நின்றே சொன்னார். ஸ்கேனருக்கு யாரும் உரிமை கொண்டாடவில்லை. வாரியத்தில் ஸ்கேன் பிரிவு என்று ஒன்று கிடையாது.

"உரிமை கோரப்படாத பகுதியை வாரியம் ஏற்க இயலாது," என்றார் செயலர். "விற்பனையாளரைக் கேளுங்கள். ஸ்கேனர் பகுதியை மட்டும் கழற்றித் திருப்பி எடுத்துக்கொள்வாரா?"

"ஸார், அந்த ஸ்கேனருக்காகத்தான்..." என்று ஆரம்பித்தேன்.

"உங்களிடம் விளக்கம் கேட்கப்படவில்லை."

மூன்று கூட்டம் நடந்தது. ஒரு கூட்டத்தில், திங்கள் புதன் அச்சுப் பிரிவின் பொறுப்பில் பிரிண்டராகவும், செவ்வாய் வியாழன் ஆவணப் பிரிவின் பொறுப்பில் காப்பி மெஷினாகவும் இயங்கலாம் என்று தீர்மானித்தார்கள். வெள்ளிக்கிழமை தபால். சரி, சனிக்கிழமை ஸ்கேனர் என்று யாராவது சொல்வார்கள் என்று பார்த்தேன். சனிக்கிழமை விடுமுறை. கடைசியில் சித்தார்த்தன்தான் காப்பாற்றினார். ஸ்கேனர் என்ற சொல்லுக்குப் பதிலாக 'மூடி' என்று எழுதினார். மூடி இல்லாமல் எந்த மெஷினையும் வாங்க முடியாதே. குழு ஏற்றுக்கொண்டது. நான் அவரைக் கையெடுத்துக் கும்பிட்டேன். எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது, ஒரு மூடிக்காக.

மார்ச் பத்தாம் தேதி வீட்டைப் பார்வையிட வந்தார்கள். வீடு அலுவலகமாக இருக்கத் தகுதியானதா என்று பார்க்கவேண்டுமாம். கச்சேரி ரோடு பக்கத்துச் சந்தில் கார் நுழையாது. செயலரும் சித்தார்த்தனும் நடந்து வந்தார்கள். ஹம்சா காலையிலேயே நல்ல புடவை கட்டி, மேஜையில் சிவப்புப் பேனா, அகராதி, அடிக்கோல் எல்லாம் எடுத்து வைத்துக்கொண்டு தயாராக இருந்தாள். மெஷினுக்கான இடத்தைச் சாக்பீஸால் கோடு போட்டு வைத்திருந்தாள்.

"பெயர்ப் பலகை எங்கே?" என்றார் செயலர்.

செய்துவிடுகிறோம் என்றேன்.

"வருகைப் பதிவேடு?"

"ஸார், நான் இந்த ஆத்துலயே இருக்கேன்," என்றாள் ஹம்சா. "எங்கேர்ந்து வருவேன்?"

"அதைத்தான் பதிவேடு காட்ட வேண்டும், அம்மா. நீங்கள் பத்து மணிக்கு உங்கள் வீட்டுக்கு வந்தீர்களா என்று வாரியத்துக்கு எப்படித் தெரியும்?"

காபி கொடுத்தேன். குடித்துவிட்டு அவர் எழுந்து, எங்கள் கூடத்தின் நடுவில் நின்று பேசினார். கேட்க நாங்கள் மூன்று பேர்தான். "இந்த வாரியம் எதற்காகத் தொடங்கப்பட்டது? படிவங்களைக் குறைக்க. அதற்காக நாம் முந்நூற்றுப் பதினாறு புதிய படிவங்களைக் கொண்டுவந்தோம். ஒவ்வொன்றும் ஏற்கெனவே இருந்த ஒன்றைக் குறைப்பதற்காக. குறைந்ததா என்று சிலர் கேட்கிறார்கள். குறைந்துவிட்டால் வாரியம் எதற்கு? வாரியம் இல்லாவிட்டால் குறைப்பது யார்? இந்த அடிப்படையை எதிர்ப்பவர்கள் யோசிப்பதில்லை. ஹம்சா அவர்களைப் போன்ற ஊழியர்கள்தான் நமது தூண்கள். தூணை நாம் கைவிடமாட்டோம்." சித்தார்த்தன் கை தட்டினார். தட்டியது ஒரே ஒருவர் என்று தெரிந்ததும் நிறுத்திக்கொண்டார்.

கிளம்பும்போது செயலர் வாசல் நிலைப்படியைப் பார்த்தார். தெருவைப் பார்த்தார். "இது தரைத்தளமா?"

"ஆமாம் ஸார். அவளால படியேற முடியாதே."

"தொண்ணூற்றாறு மழையில் நமது கீழ்த்தளக் கிடங்கில் தண்ணீர் புகுந்ததும் ஒரு சுற்றறிக்கை விட்டோமே, சித்தார்த்தன்? மின்னணுச் சாதனங்களைத் தரைத்தளத்தில் வைக்கக்கூடாது."

"ஆமாம் சார். நானே டைப் பண்ணினேன்," என்றார் சித்தார்த்தன் ஈனக் குரலில்.

"புரூஃப் நான்தான் பார்த்தேன்," என்றாள் ஹம்சா.

மெஷினை மாடியில்தான் வைக்கவேண்டும். எங்களுக்கு மாடி இல்லை. மாடியில் வீட்டுக்காரர் இருக்கிறார், அவர் ஊறுகாய் ஜாடி வைக்கக்கூட இடம் தரமாட்டார். நான் கெஞ்சினேன். மேஜையை ஆறு செங்கல் வைத்து உயர்த்துகிறேன் என்றேன். மழை மார்ச்சில் வராது என்றேன். கட்டிலுக்கு மேல் பரண் இருக்கிறது என்றேன். பரண் மாடி ஆகுமா என்று செயலர் ஒரு நிமிஷம் யோசித்தது உண்மை. பிறகு தலையை ஆட்டிவிட்டார்.

மார்ச் இருபத்தைந்தாம் தேதி மெஷின் வந்தது. வாரியத்துக்கு உரிமையான, தரைத்தளம் அல்லாத, எங்கள் வீட்டுக்கு மிக அருகிலுள்ள இடம் எதுவென்று குழு ஆராய்ந்து, தி. நகரில் வாரியத்தின் மூன்றாம் மாடியையே தேர்வு செய்தது. சொர்ணத்தின் ஸ்டூலுக்கு எதிரே ஒரு மேஜை போட்டு, அதில் வாரியத்தில் இருந்த ஒரு கம்ப்யூட்டரையும் மெஷினையும் வைத்து, சுவரில் பலகையும் மாட்டினார்கள்: 'இல்ல அலுவலகம். திருமதி ஹம்சா, மெய்ப்பாளர்.' பக்கத்தில் நூல் கட்டித் தொங்கவிட்ட வருகைப் பதிவேடு.

அந்தப் பலகையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கலீமுல்லா ஆளோடு வந்து மெஷினைப் பொருத்திவிட்டு, எல்லா பட்டனையும் எனக்குச் சொல்லிக்கொடுத்தார். நாற்காலியிலிருந்து பட்டன் எட்டுகிறதா என்று பார்த்தார். எந்த நாற்காலி என்று யோசித்ததும் எழுந்துவிட்டார்.

"சார், இன்னா சார் இது?" என்றாள் சொர்ணம். "அம்மா ஊடு மைலாப்பூர்ல கீது. ஊட்டு ஆபீசு எப்டி இங்க கீது?"

இதைவிட நன்றாக அந்தக் கேள்வியை யாரும் கேட்கவில்லை.

அன்றிலிருந்து ஒவ்வொரு வேலை நாளும் பதிவேட்டில் ஹம்சாவின் பெயருக்கு நேரே 'வரவில்லை' என்று எழுதினார்கள். மார்ச் 31 மாலை நான்கு மணிக்குச் சொர்ணமே பஸ் பிடித்து எங்கள் வீட்டுக்கு வந்தாள். அன்று நான் ஷிப்டுக்குப் போகவில்லை. கையில் ஒரு நீள உறை. உள்ளே நுழைந்தவள் உட்காரவில்லை.

"யம்மா, இது அந்த மிசின்ல எடுத்த மொதத் தாளாம். அர்ஜென்டாம். என் கைல குடுத்து அனுப்பிட்டாங்க. இன்னா எயுதிக்கீதுன்னு எனக்குத் தெரியாது, ஆனா அவங்க மூஞ்சி சரியில்ல."

ஹம்சா பிரித்தாள். படிவம் 413. இல்ல அலுவலகத்துக்கு வராத ஊழியரைப் பணியிலிருந்து விடுவித்தல். இதுவரை இப்படி யாரையும் விடுவித்ததில்லை, அதனால் படிவம் இல்லை, அதனால் புதிதாகப் போட்டிருக்கிறார்கள். மாதிரிக்காக நிரப்பிய இடத்தில் அவள் பெயர். மேலே பென்சிலில்: 'மெய்ப்பாளர் பார்வைக்கு.'

அதைப் பிடுங்கிக் கிழித்துப் போடலாம் போலிருந்தது. "கையெழுத்துப் போடாதே. முடியாதுன்னு சொல்லு," என்றேன்.

"சுத்தமா இருக்கற பிரதியில கையெழுத்துப் போடமாட்டேன்னு எனக்குச் சொல்ல வராதுன்னா," என்றாள். கன்னத்தில் வழிந்ததைத் துடைத்துக்கொண்டு சிவப்புப் பேனாவை எடுத்தாள். ஐந்து நிமிஷம் கழித்து அவள் முகம் மாறியிருந்தது. "ஆனா இது சுத்தமா இல்லையே," என்றாள்.

முப்பத்தெட்டு தப்பு. வரிசை எண் ஏழுக்குப் பிறகு ஒன்பது. ஊழியரின் கையெழுத்துக்கு இரண்டு கட்டம், அதிகாரிக்கு ஒன்றுகூட இல்லை. ஆதாரம் காட்டிய விதியோ, மாடு வளர்ப்போர் மானியத்துக்கானது.

மறுநாள் திருத்திய தாளை எடுத்துக்கொண்டு படியேறினேன். வெளியாள் கையில் அரசாங்க ஆவணமா என்று யாரும் கேட்கவில்லை. சித்தார்த்தன் அதைப் பார்த்தார், விதிப் புத்தகத்தைப் பார்த்தார். கோப்புகளுக்கு மேல் முழு முகமும் எழுந்தது.

"சார், படிவம் செல்லுபடி ஆகறவரைக்கும் அவங்களை விடுவிக்க முடியாது. புரூஃப் பார்த்த நாள் பணி நாள். நேத்து மேடம் டியூட்டில இருந்திருக்காங்க." குரலைத் தாழ்த்தினார். "இன்னிக்கு மறு புரூஃப் தரேன். நீங்களே எடுத்துட்டுப் போங்க."

வாரியத்தின் டைப்பிஸ்ட் அம்மாள் ஆறு தப்பைத் திருத்தினால் நாலு தப்பைப் புதிதாகச் சேர்ப்பார். அவர் நன்றாக இருக்கவேண்டும். பன்னிரண்டு புரூஃப் போயிற்று. தினமும் காலையில் அறுபத்து நான்கு படி ஏறுவேன், தாளை வாங்குவேன், இறங்குவேன். ஹம்சா பத்து மணிக்கு மேஜைக்கு வந்து உட்கார்ந்துவிடுவாள். சாக்பீஸ் கோடு அப்படியே இருந்தது. அதற்குள்தான் தாளை வைத்துத் திருத்தினாள். சமையலறையிலிருந்து பார்ப்பேன், ஆபரேஷனுக்கு முந்தைய ஹம்சா.

ஏப்ரல் கடைசியில் டைப்பிஸ்ட் அம்மாள் மகள் கல்யாணத்துக்கு லீவு போட்டார்.

"அவங்களை விட்டா அந்த மெஷின் உங்களுக்குத்தான் சார் தெரியும்," என்றார் சித்தார்த்தன். "டைப்பும் தெரியும்ங்கறீங்க. திருத்தத்தைப் போட்டு ஒரு பிரிண்ட் எடுத்துடுங்களேன்."

போட்டேன். பழக்கதோஷம், ஒழுங்காக அடித்துவிட்டேன். ஸ்டோரில் இருபது வருஷமாக ஓர் எண்ணைத் தப்பாக அடித்ததில்லை. ஹம்சா அன்று பாதி நேரத்தில் பேனாவை மூடி வைத்தாள்.

"யார் அடிச்சா?"

"நான்தான்."

"நன்னா அடிச்சிருக்கேள்," என்றாள். "ஒண்ணே ஒண்ணுதான் பாக்கி. பதினோராவது பத்தியில. அதுவும் முதல்லேர்ந்து இருந்ததுதான். நான்தான் இத்தனை நாள் கவனிக்கலை." சிவப்பில் வட்டம் போட்டாள். வட்டம் போடாமலும் இருந்திருக்கலாமே என்று எனக்குத் தோன்றியது அவளுக்குத் தெரிந்துவிட்டது. "தப்பைப் பார்த்துட்டுப் பாக்காத மாதிரி எப்படின்னா விடறது? அப்புறம் நான் யாரு?"

அன்று அவள் சாப்பிடவில்லை. நானும்.

மறுநாள் காலை இல்ல அலுவலகத்தில், என் மனைவியின் பெயர்ப் பலகைக்குக் கீழே உட்கார்ந்தேன். கம்ப்யூட்டர் திரையில் படிவம் 413. பதினோராவது பத்தியைத் திருத்தினேன். முழுக்கப் படித்துப் பார்த்தேன். ஒரு குறையும் இல்லை. பட்டனை அழுத்தினால் சுத்தமான பிரதி வரும், மாலைக்குள் ஹம்சா கையெழுத்துப் போட்டுவிடுவாள். கை வரவில்லை. எதிரே ஸ்டூலில் சொர்ணம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கலீமுல்லாவின் இழுப்பறை ஞாபகத்துக்கு வந்தது.

பதினான்காவது வரிசை எண்ணை அழித்துவிட்டுப் பதினாறு என்று அடித்தேன். பட்டனை அழுத்தினேன்.

"முட்ச்சிட்டியா சார்?" என்றாள் சொர்ணம்.

"இல்லைம்மா. முடியலை."

"அப்ப நாளைக்கும் வருவியா?"

"வருவேன்."

அவள் தன் ஸ்டூலைக் கொஞ்சம் நகர்த்தி, படி முடியும் இடத்தில் போட்டாள். "ஏறி வந்ததும் இதுல குந்து. நான் நின்னுக்கறேன்," என்றாள்.

வீட்டில் ஹம்சா தாளைப் படித்துக்கொண்டே போனாள். பதினாறில் பேனா நின்றது. ரொம்ப நேரம் நின்றது. வாரியத்தின் தப்புகளைப் பத்தொன்பது வருஷமாகப் பார்த்தவள் அவள், எந்தத் தப்பு யார் கை என்று தெரியாதா? நான் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டேன். பாலில் கரண்டியைப் போட்டுச் சும்மா கிண்டினேன்.

பேனா தாளில் வட்டம் போடுகிற சத்தம் கேட்டது.

"ஏன்னா," என்றாள் ஹம்சா. "இன்னும் ஆறு வருஷம் இருக்கு. நாளைக்குப் படி ஏறச்சே மெதுவா ஏறுங்கோ."